ஐம்பத்தேழு சென்டிமீட்டர்

கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் வயதை
யாராவது கேட்டால்
சென்டிமீட்டரில் சொல்வேன்.

நீர் விலகாத சதுப்பில்
நாணல் சாயும், கோரை சாயும்,
மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும்.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், ஏறத்தாழ.
ஆயிரத்து நானூற்று ஐம்பத்தாறில் கதவு திறந்த இடம்
ஐம்பத்தேழு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும்.
என் ரப்பர் பூட்ஸைவிடக் கொஞ்சம் அதிகம்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு வேறு கணக்கு உண்டு.
நிறுவிய நகரத் தலைவரை ஆறாம் ஆண்டே கொன்றுபோட்டார்கள்.
சுவீடன் வந்தது, பிறகு பிரஷ்யா.
மாணவர்களை அடைத்துவைத்த அறை இன்றும் இருக்கிறது,
சுவரெல்லாம் கிறுக்கல்.
குடித்துக் கூச்சல் போட்டவன் கீறிய பெயர்
பேராசிரியர்கள் பலரின் பெயரைவிடத்
தெளிவாகத் தெரிகிறது.

ஊரின் மறுகோடியில் வேறொரு நிறுவனத்தார்
சூரியனின் சூட்டைக் காந்தக் கூண்டில்
நிறுத்திப் பார்க்கிறார்கள்.
அமைச்சர்கள் வந்தால் அங்கேதான் போவார்கள்.

விசா நீட்டிக்கப் போனபோது
அலுவலர் கேட்டார்: ஆய்வுப் பொருள்?
சேறு, என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டு
அப்படியே தட்டச்சு செய்தார்.

கழகம் என்றால் பழந்தமிழில்
சூதாடும் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு.
நிதி கேட்டு ஏழாவது முறை விண்ணப்பித்த இரவு
அது எனக்கு நன்றாக விளங்கியது.

அக்டோபர் வியாழன். ரிக் ஆற்றங்கரைப் புல்வெளி.
ஹென்னிங் டாம்ஸும் நானும்
துளைக்குழாயை இறக்கித் திருகி இழுத்தோம்.
பாதிப் பிளந்த குழாயில் படுத்திருந்தது
கறுப்பாக, ஈரமாக, கொஞ்சம் அழுகிய முட்டை வாசத்தோடு
காலம்.

ஆய்வகத்திலிருந்து ஜனவரியில் முடிவு வந்தது.
புல்வேருக்கு ஒரு சாண் கீழே,
இருபதாம் நூற்றாண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில்,
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
பல்கலைக்கழகம் இன்னும் பிறக்கவில்லை.

குழாயைத் தவறாகப் பிடித்தோமா?
பைகளின் எண் மாறியதா?
மூன்று நாள் தேடினேன்.
நான்காம் நாள் ஹென்னிங், வேன் கதவில் சாய்ந்தபடி,
"இந்த வாய்க்கால் என் அப்பா வெட்டியது" என்றார்.

படித்தவர் யாரோ வரைபடம் தந்தாராம்.
தோண்டும் இயந்திரத்தில் அப்பா
இரண்டு கோடைகாலம் உட்கார்ந்திருந்தாராம்.
பதக்கம் கொடுத்தார்கள்.
இன்றும் அது கண்ணாடி அலமாரியில்.
"விளைந்ததா?"
"புல் வந்தது. மாடு வந்தது.
அந்தப் பாலைக் குடித்துத்தான் இந்த உயரம்."
ஆறடி மூன்றங்குல மனிதரிடம்
அதற்குமேல் என்ன கேட்பது.

நீர் இறங்கிய வழியில் காற்று இறங்கிற்று.
அறுநூறு ஆண்டு மட்காமல் கிடந்தது
அறுபது ஆண்டில் மட்கித் தீர்ந்தது.
கொலையுண்டவர் காலத்துப் பிர்ச் மரத்தின் மகரந்தம்,
சுவீடன் காலத்து ரை வயலின் மகரந்தம்,
அறையில் அடைபட்ட மாணவன் சன்னல் வழி பார்த்த கோடை,
ஒன்றும் மண்ணில் இல்லை.
எங்கே என்று கேட்காதீர்கள்.
மூச்சை உள்ளே இழுங்கள்.

மூன்று வருடம் முன்பு வாய்க்காலை அடைத்தார்கள்.
பலகையைத் தூக்கிக் கொடுத்தவர்களில் ஹென்னிங்கும் ஒருவர்.
அப்பாவிடம் அதைச் சொன்னாரா என்று
நான் கேட்டதில்லை.

இன்று கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து
உள்ளே சதுப்பு விடும் மூச்சை அளக்கிறோம்.
மீத்தேன் ஏறுகிறது, அதை மறைக்க மாட்டேன்.
ஆனால் இரண்டரை மணிக்கு
மடிக்கணினித் திரையில் இன்னொரு கோடு
தயங்கி, வளைந்து,
கீழே இறங்கத் தொடங்கியது.
மண் வாங்குகிறது.
சாம்பல் கொக்குகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன,
காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தத்தோடு.

ரொட்டியைக் கடித்தபடி ஹென்னிங் கேட்டார்:
"போனதெல்லாம் திரும்ப எவ்வளவு நாள்?"
"ஐந்நூற்று எழுபது வருடம்."
"உன் வேலை ஒப்பந்தம்?"
"மார்ச் வரை."