நாலாவது பக்கம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு
மூன்று பக்கம்தான்.
நாலாவது பக்கத்தில் நாடு உட்கார்ந்திருந்தது.

இதைத்தான் புத்தகத்தின் முதல் வரியாக எழுதினேன்.
எடிட்டர் வினிஃப்ரெட்
அதை நாலாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள்.
"முதலில் போதை வரட்டும் லோர்னா,
மேசை நாற்காலியெல்லாம் அப்புறம்."

சரி. போதை.
பர்பாங்க் ஸ்டுடியோ, ஒப்பனை வேனின் இரும்புப் படி,
பன்னிரண்டு வயது.
யாரும் ஊட்டவில்லை, நானே கேட்டு வாங்கினேன்.
வெள்ளை மாத்திரை. பாதி போதும் என்றான் விளக்குப் பையன்.
நான் எந்த வசனத்தையும் பாதியில் விட்ட பிள்ளையில்லை.

ஆனால் அதற்கும் முன்னால் பல்.
ஆறு வயதில் விழுந்த முன்பல்லின் ஓட்டை வழியே
"நான் தெய்யலையே!" என்றேன்.
பூந்தொட்டி உடைந்தாலும் பூனை தொலைந்தாலும்
வாரம் ஒருமுறை, "நான் தெய்யலையே!"
அரங்கம் உருண்டு சிரித்தது.

ஏழில் பல் முளைத்துவிட்டது.
அம்மாவுக்கு அது துக்கச் செய்தி.
மெழுகில் கரி குழைத்து
காலைதோறும் புதுப்பல்லை மூடினார்கள், ஐந்து வருடம்.
மார்பு முளைத்த பிறகும்
எனக்குப் பால்பல் விழுந்துகொண்டே இருந்தது.

தொடர் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை.
மேசையை லாரியில் ஏற்றினார்கள்.
தம்பியாக நடித்த டெஸ்மண்ட் தேம்பினான்,
அன்று அவன் கண்ணில் யாரும் கிளிசரின் விடவில்லை.

பிறகு, இருபத்தாறு வயதில்,
காரை ஒரு சலவைக்கடைக் கண்ணாடிக்குள் விட்டேன்.
உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவளின் காலில்
அந்தக் கண்ணாடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
பெயர் போடாதே என்றாள். போடவில்லை.
விலங்கு மாட்ட வந்த போலீஸ்காரர்
முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அந்த வசனம்... ஒரே ஒரு தடவை?"
சொன்னேன்.
அதே மழலையில்,
அவள் சில்லுகளின் நடுவே உட்கார்ந்திருக்க,
நான் தெய்யலையே.
அவர் சிரித்தார்.

"தரை தட்டிய இரவு இதுதானே?"
ஓரத்தில் பென்சிலால் கேட்கிறாள் வினிஃப்ரெட்.
ஆமாம் என்றால் புத்தகம் அழகாகிவிடும்.
இதற்கப்புறமும் ஆறு வருடம் இருக்கிறது, அம்மணி.
தரைக்குக் கீழே இன்னொரு தரை,
அதற்கும் வாடகை கொடுத்தேன்,
என் அண்ணன் கார்த்தின் பணத்தில்,
அவனுக்குத் தெரியாமல்.

ஃப்ரெஸ்னோவில் மறுவாழ்வு இல்லம்.
கூடத்தில் எப்போதும் ஒரு பக்கம் காலியாக விட்டுத்தான்
சாப்பிட உட்காருவேன்.
பழக்கம். உப்பை எடுக்கத் திரும்பினாலும்
முகம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.
ஒட்டீலியா வந்தாள்.
உலர்திராட்சை லாரி ஓட்டியவள்,
டிவி இல்லாத வீட்டில் வளர்ந்தவள்.
நாற்காலியைக் கரகரவென்று இழுத்து
நாலாவது பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.
கேமரா இருக்கவேண்டிய இடத்தில்
பீன்ஸ் மெல்லும் ஒரு வாய்.
"என்ன பார்க்கிறாய்? ரொட்டியை இப்படித் தள்ளு."
தள்ளினேன்.
யாரும் கைதட்டவில்லை.
ரொட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது.

அம்மாவை மன்னித்த அத்தியாயம் எங்கே என்கிறாள்.
இன்னும் நடக்கவில்லை.
ஞாயிறுகளில் போன் பேசுகிறோம்,
அங்கே மழையா என்று கேட்கிறேன்.
ஒட்டீலியா இப்போது எங்கே என்று தெரியாது.
தெரிந்தது போல எழுத எனக்கு நன்றாக வரும்,
எழுதவில்லை.

வினிஃப்ரெட்,
அந்த மேசையை முன்பக்கத்துக்கே தூக்கி வை.
கனமாக இருந்தால் கூப்பிடு,
நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.