புழு உள்ள காய்

அணைக்கட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே
உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை எங்களுடையது.
ஷட்டரைத் தூக்கினால் முதலில் வெளியே வருவது வாசம்தான்.
பதினோரு வருஷமாய்
அவர் சட்டையை நான் தனி வாளியில் ஊறவைக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை
கெங்கம்மா ஒரு பை முள்ளுக் கத்தரி கொண்டுவந்து கொடுத்தாள்.
ஊதாவும் பச்சையுமாய், முகம் பார்க்கலாம் போல.
மல்லாட்டை வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தேன்.
பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது அவருக்கு.
"செவ்வாய்க்கிழமை சாயங்காலந்தானே
அவ நம்ம கடையில மருந்து வாங்கினா?"

டப்பாவின் பின்பக்கம் எறும்பெழுத்தில் போட்டிருக்கும்,
அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாதென்று.
விற்கிறவருக்கு அது மனப்பாடம்.
இடக்கை விரலை மடக்கி எண்ணினார்.
எழுந்துபோய் வலக்கையைக் கழுவினார்.

அப்படித்தான் மாறினோம்.

ஆரணி வெள்ளைப் பொன்னி போய்த் தீட்டாத அரிசி வந்தது.
மூன்று விசில் ஆறு விசிலானது.
ஜவ்வாது மலைச் சாமை,
ஒடுகத்தூர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய்.
கேஸ் சீக்கிரம் தீர்ந்தது, காசும்.
"மண் கலர்ல சோறு" என்று வகுப்பில் சிரித்தார்களாம்,
மதிவதனி டப்பாவைத் திறந்தபடியே மூடிக் கொண்டுவந்தாள்.
துர்கேஷ் சாமையை எண்ணி எண்ணித் தின்றான்.
இவர் மட்டும் யோக்கியமா?
பள்ளிகொண்டா டோல்கேட்டுப் பக்கம் போய்வந்த ராத்திரி
மருந்து நாற்றத்தையும் மீறிச் சால்னா மணந்தது சட்டை.
ஊறவைத்தேன். கேட்கவில்லை.

காய்தான் கஷ்டம்.
சந்தையில் எல்லோரும் ஓட்டையைத் தள்ளிப் பொறுக்க
நான் ஓட்டையைத் தேடிப் பொறுக்கினேன்.
நமக்கு முன்னால் ஒரு வாய்
தின்று பார்த்து உயிரோடு இருக்கிறதே.
காய்க்காரன் என்னைக் கிறுக்கு என்று நினைத்துப்
பாதி விலைக்கு அள்ளிப் போட்டான்.

மருந்தை நிறுத்திவிடலாமே என்றேன் ஒருநாள்.
பதில் பேசாமல்
பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதை எடுத்து என் முன்னால் வைத்தார்.
அதில் எந்த வாசமும் இல்லை.

ஆடியில் கெங்கம்மா மறுபடி வந்தாள்.
டப்பாவை மேசையில் வைத்தார், கையை எடுக்கவில்லை.
"உங்க ஊட்ல இன்னா காய் துன்றீங்க?"
அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
"எங்களுக்குன்னு கெணத்தோரம் ரெண்டு பாத்தி கீது.
அதுக்கு அடிக்கிறதில்ல.
நீங்க இன்னா துன்றீங்க?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.
கொஞ்ச நேரம்தான்.

இப்போது வாரம் ஒரு பை வருகிறது
கிணற்றோரத்துப் பாத்தியிலிருந்து.
கோணல் காய், சொத்தைக் காய்.
பணம் வேண்டாமாம்,
மருந்துக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்கிறாள்.
கடன் நோட்டில் நான்தான் எழுதுகிறேன்.

மற்ற மூட்டைகள் விடிவதற்குள்
வேலூர் மார்க்கெட்டுக்கு வேன் ஏறிவிடும்.

நேற்று சத்துவாச்சாரியிலிருந்து தங்கை போன் செய்தாள்.
"நம்ம பக்கத்துக் கத்தரிக்கா வந்திருக்குக்கா,
ரெண்டு கிலோ வாங்கிட்டேன்.
அரியறேன் அரியறேன்,
ஒண்ணுல கூடப் புழு இல்ல."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
கடைச் சாவியைத் தேடுவதுபோல் எழுந்து உள்ளே போனார்.
சாவி அவர் கையிலேயே இருந்தது.