மையம் விலகியது

அம்பத்தூர் எஸ்டேட்டில்
வாஷர் அடிக்கும் கம்பெனி.
ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்க்க
எனக்கு மாதம் பதினெட்டாயிரம்.
மயிரிழை தள்ளிப்போனாலும்
சிவப்புத் தொட்டி.

சனிக்கிழமை இரவு மட்டும்
கட்சி மாறிவிடுவேன்.

ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி வரிசையில் நின்று
வாங்கிவந்த சில்லறை மூட்டையைப்
பாயில் கவிழ்த்தால்
கொரட்டூரே விழித்துக்கொள்ளும்.
"மழையா புள்ள?" என்று மாடியிலிருந்து எஸ்தரக்கா.
மழைதான். ஆயிரம் இரண்டு ரூபாய்கள்.
எல்லாம் ஒழுங்கு, எல்லாம் ஒரே முகம்.
ஒழுங்கைத் தள்ளித் தள்ளி
விரல் கறுத்துப்போகும்.

முதலில் விளிம்பு.
ஒரு பக்கம் கடித்ததுபோல் குறைந்திருந்தால்
நேர் எதிர்ப்பக்கம் மழுங்கியிருக்க வேண்டும்;
மழுங்கவில்லையா, அது அரம் பார்த்த வேலை.
அப்புறம் புத்தகத்தின் தாளைப்போல ஒரு திருப்பு.
சிங்கம் தலைகீழாக நின்றால்
அச்சு சுழன்றிருக்கிறது.
மேடாக ஒரு கோடு ஓடினால் அச்சில் விரிசல்.
பள்ளமாக ஓடினால்
எவனோ ஆணியால் கீறியது.
மேடு பிறவி.
பள்ளம் வாழ்ந்ததில் வந்தது.
விலை பிறவிக்குத்தான்.

மூன்றாவது மூட்டை,
பால் வண்டி வரும் நேரம்,
அகப்பட்டது.
சிங்கங்கள் ஒரு ஓரமாக நெருக்கியடித்து
ஆவடி லோக்கலில் கதவோரம் தொங்குகிறவர்கள் மாதிரி.
மிச்சமெல்லாம் வெற்று எஃகு,
மூன்றாம் பிறை.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.
தகடு வந்து சரியாக உட்காரவில்லை,
அதற்குள் அச்சு இறங்கிவிட்டது.
எங்கள் மூணாம் நம்பர் பிரஸ்
மாதத்துக்கு நாலு தடவை இதைச் செய்யும்.

எழும்பூரில், ஞாயிற்றுக்கிழமை
நாணயக்காரர்கள் கூடும் ஹால்.
நூருல் அமீன் பாய் தராசில் வைத்தார்,
லென்ஸைக் கண்ணில் சொருகினார்.
"ஒரிஜினல்தாம்மா.
ஆனா வருசம் வெளிய விழுந்துடுச்சே.
எந்த ஊர்ல அடிச்சதுன்னு சொல்ற புள்ளியும் இல்ல.
ரெண்டும் இருந்திருந்தா நாலாயிரம்.
இதுக்கு எண்ணூறு."

பிழையிலும் பிழை பார்க்கிறார்கள்.

அவருடைய வெல்வெட் தட்டில்
ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம்
அதே சிங்கம் கண்ணாடிக்குள் குழிந்து.
சீட்டில் ஆறாயிரம் என்று எழுதியிருந்தது.
எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன்.
சிங்கத்தின் மூக்கு சப்பை.
விளிம்பருகே பொடிப்பொடியாக வரிகள்.
அந்த வரிகளைத் தினமும் பார்க்கிறேன்,
எங்கள் பட்டறை மேஜையில் முடுக்கிய வைஸின் பற்கள்.
"பாய், இது மின்ட்ல பொறக்கல.
ரெண்டு காச சேத்து வெச்சு நெருக்கிருக்காங்க."

பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.
பக்கத்துக் கடைக்காரரையும் ஒருமுறை பார்த்தார்.
அதைத் தட்டிலிருந்து எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
"எண்ணூத்தி எழுபத்தஞ்சு" என்றார்.

கொடுத்துவிட்டேன்.
மறுநாள் சிலிண்டர் வருகிற நாள்.

திங்கட்கிழமை, மூணாம் நம்பர்.
ஓட்டை ஓரத்துக்குப் போய்
விளிம்பு நூலாக மெலிந்த ஒரு வாஷர்.
மறுபக்கம் அகலமாக
அதே பிறை.
இரட்டை ஷிப்ட் பார்த்த பிகாஷ்
துடைத்த கையையே திரும்பத் துடைத்தபடி
என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
எழுதினால் அரை நாள் கூலி போகும்.
நாணயச்சாலையிலும் ஒருவன்
இப்படி நின்றிருப்பானா,
அல்லது அவன் பார்ப்பதற்குள்
காசு மூட்டைக்குள் போயிருக்குமா?

இதில் சிங்கம் இல்லை.
கிலோ முப்பத்தெட்டு ரூபாய்க்குப்
பழைய இரும்பு.

டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
பதிவேட்டில் ஒன்று குறைகிறது.
அது என் பிழை;
தேதி, வருஷம், ஊர், கையெழுத்து
எல்லாம் முழுசாகத் தெரியும்.