காது தெரிய வேண்டும்

ஆடிக் காற்று அடிக்கிற மாதத்தில்
திருச்சி விமானங்கள்
மேற்கே முகம் வைத்துத்தான் ஓடும்.
மாலையில் எனக்கு எதிர்வெயில்.
வயிறெல்லாம் கரியாக விழும்,
வாலின் நிறம் மட்டும் ஒரு கணம் பற்றி எரியும்.
அந்த ஒரு கணத்துக்காக
வயர்லெஸ் ரோடு பூங்காவில்
உடைந்த சறுக்குமரத்தின் மேல்படியில் உட்கார்ந்திருப்பேன்,
தவணையில் வாங்கிய முந்நூறு எம்.எம். லென்ஸோடு.
"ஸ்டூடியோக்கா, எட்டு மணிக்குப் பூட்டிருவேன்" என்பார் சவரிமுத்து,
ஐந்து மணியிலிருந்தே.

பகலில் நான் எடுப்பது பாஸ்போர்ட் சைஸ்.
வெள்ளைப் பின்னணி.
நெற்றியில் முடி விழக் கூடாது.
ரெண்டு காதும் தெரியணும்.
சிரிக்காதீங்க சார், சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க.
பாபநாசம், கொரடாச்சேரி, முத்துப்பேட்டை என்று
பஸ் ஏறி வந்து
சிரிக்காமல் போகிற முகங்கள்.
எட்டு எட்டாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்த அவர்கள்தான்
சாயங்காலம் என் தலைக்கு மேல் போகிறார்கள்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
கேட்டால், சும்மா பொழுதுபோக்கு.
ஒருமுறை ஜீப்பில் வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன்.
படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு
"இதுல ஆளே இல்லையே" என்றார்.

தெய்வசிகாமணி படம் எடுப்பதில்லை.
மின்வாரியத்தில் கணக்கர்.
பைனாகுலரில் விமானத்தின் எண்ணைப் படித்து
நோட்டில் எழுதுவார்.
பழைய எண் மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு டிக்,
அன்றைக்கு அவருக்குச் சம்பள நாள் முகம்.

அந்த வியாழக்கிழமை ஒரு பெண்,
இடுப்பில் குழந்தை, கையில் காலித் தண்ணீர் பாட்டில்.
"கலியமூர்த்தி சம்சாரங்க" என்றாள்.
ஞாபகம் வந்தது.
காதுக்குப் பின்னால் நிழல் என்று திரும்பி வந்த படம்.
என் விளக்கின் தப்பு. மறுபடி எடுத்தபோது காசு வாங்கவில்லை.
"சார்ஜா. ஆறு மணிக்காம். உள்ள விடமாட்டேங்கறாங்க.
இங்கேருந்து தெரியும்னாங்க."

ஆறு பத்துக்கு ஒன்று எழுந்தது.
"அதோ, அதோ அப்பா"
குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.
"ஜன்னல எடுங்கக்கா."
எடுத்தேன், பதினொரு தடவை.

வாலில் மயில்.
அது கொழும்புக்குப் போகிறது.
சார்ஜா விமானம் இன்னும் வந்து இறங்கவே இல்லை.

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
நோட்டை மூடிக்கொண்டார்.

திரையில் அவளே பெரிதாக்கினாள்.
ஜன்னல் என்பது நாலு சாம்பல் கட்டம்.
இன்னும் பெரிதாக்கினால் இன்னும் சாம்பல்.
மூன்றாவது சாம்பலில் விரலை வைத்து
"இவருதான். பஸ்லகூடத் தலையச் சாய்ச்சுத்தான் உக்காருவாரு."

பிரிண்ட் எவ்வளவு என்றாள்.
முப்பது என்றேன்.
சும்மா கொடுத்தால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயம்.
முந்தானை முடிச்சிலிருந்து எண்ணித் தந்துவிட்டு
தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சவரிமுத்து பூட்டிய பிறகும்
கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். கொசு.
கலியமூர்த்தி போனது ஒன்பது இருபதுக்கு.
கேமராவைக் கம்பியில் அழுத்திப் பிடித்தும்
படம் ஆடிவிட்டது.
ஒரு சிவப்பு, ஒரு பச்சை, நடுவில் வெள்ளைக் கீறல்.
பின்னணி கறுப்பு.
காது தெரியவில்லை.
சிரித்தாரா, அதுவும் தெரியவில்லை.

மறுநாள் தெய்வசிகாமணி எண்ணைக் கேட்டார்.
இருட்டுல படிக்க முடியல, என்றேன்.
தேதி போட்டு, சார்ஜா என்று எழுதி
மிச்ச வரியைக் காலியாக விட்டுவிட்டு
அடுத்த விமானத்துக்குப் பைனாகுலரைத் துடைத்தார்.