பூச்சியத்துக்கு ஒரு மூடி

கரடிப்போக்குச் சந்தியில்
டயர் ஒட்டும் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் மெஷின் இரைந்தால்
மேலே தேநீர்க் கோப்பை நடுங்கும்.
இரண்டு பேர், ஒன்றரை மின்விசிறி.
அங்கேதான் அந்தச் சட்டகத்தை எழுதினோம்,
வன்னியின் சங்கங்கள் எல்லாம்
தங்கள் இணையதளத்தை அதன்மேல் கட்டட்டும் என்று.

நாங்கள் எடுத்த நிரல்மொழி நல்ல மொழி.
வேகம். சொற்கள் குறைவு.
ஆனால் அதற்கு வெறுமை தெரியாது.
எண் வரவேண்டிய இடத்தில் எண் வராவிட்டால்
தானே பூச்சியம் எழுதிக்கொள்ளும்,
சோதினைக்கு வராத பிள்ளைக்கும்
புள்ளி போடும் வாத்தியார் மாதிரி.

முதல் வேலை, முழங்காவில் பால் சங்கம்.
மாடு வற்றிய நாளும் பூச்சியம்,
வெள்ளத்தில் சைக்கிள் இறங்காத நாளும் பூச்சியம்.
வற்றினால் தீவனக் கடன் உண்டு,
வராவிட்டால் தண்டம்.
மாத முடிவில் செயலாளர் பரஞ்சோதிநாதன் போனில்:
"தம்பி, உங்கட கொம்பியூட்டர்
வத்தின மாட்டுக்குத் தண்டம் அடிச்சுக் கிடக்கு."

வராததற்கு மைனஸ் ஒன்று என்று வைத்தேன்.
அடுத்த மாதக் கூட்டலில்
முப்பது நாளும் வராத ஒருவர்
சங்கத்துக்கு
முப்பது லீற்றர் கடன்.

டிலக்சனா சிரித்து முடிய நேரமெடுத்தது.
"எங்கட வாயில எத்தினை கிடக்கு.
இல்லை வேற, அல்ல வேற.
வரேல்லை வேற, வரமாட்டார் வேற.
ஒண்டும் சொல்லேல்லை எண்டது எல்லாத்திலயும் வேற.
இதுக்கு ஒண்டே ஒண்டு. அதுவும் வட்டமா."

ஆகவே பெட்டி செய்தோம்.
ஒவ்வொரு மதிப்பும் ஒரு பெட்டிக்குள், பெட்டிக்கு ஒரு மூடி.
எடுக்கும்முன் தட்டிக் கேட்கவேண்டும்:
உள்ளே இருக்கிறாயா?
பொதுவாய் ஒரு பெட்டி செய்யவும் மொழி விடவில்லை.
எண்ணுக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று, திகதிக்கு ஒன்று;
அதே இருநூறு வரி
பெயரை மட்டும் மாற்றிப் பன்னிரண்டு தரம்.
பெட்டிக்காகப் படிவம் மாறியது.
படிவத்துக்காகத் தரவுத்தளத்தோடு பேசும் பகுதி,
அதற்காக வாசலில் நின்று வழிவிடும் பகுதி.
மொழி ஒரு பல் இல்லாமல் பிறந்தது,
நாங்கள் முழுத் தாடையையும் செதுக்கினோம்.

ஜெயபுரத்தில் ஒரு பதிவு நாள்.
மரிய கொறற்றி என்பவர்
கணவர்: இருக்கிறார், இல்லை
இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்து, எடுத்து,
"அதை விடுங்கோ" என்றார்.
விட்டேன்.
படிவம் போய்ச் சேர்ந்தது, மூடி மூடியபடி.

போன மாசியில் மொழியின் புதிய பதிப்பு.
வெறுமை வந்துவிட்டது,
பொதுப்பெட்டியும் வந்துவிட்டது.
பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போதும்.
டிலக்சனா இரவோடிரவாக நாலாயிரம் வரி வெட்டினாள்.
விடிய, முழங்காவில், வலைப்பாடு, மாங்குளம்,
பதினொரு சங்கங்களின் நிரலும் சிவப்பு.
எல்லாரும் தட்டிக் கேட்கப் பழகியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பினேன்.
வெளியில் ஒரு மண்பாதை
நேராக வந்து, சும்மா நடுவில்,
அரைவட்டம் அடித்துவிட்டு மறுபடி நேராகும்.
அந்த இடத்தில் ஒருகாலம் மண்டையோட்டுப் பலகை.
பலகை போய்ப் பன்னிரண்டு வருடம்.
கிளறி, சல்லடை போட்டு, துப்புரவென்று எழுதித் தந்தார்கள்.
அதில் இப்போது உளுந்து.
என் மோட்டார்சைக்கிள் வளைந்தது.
எனக்கு முன்னால் போன பெடியனும் வளைந்தான்,
பலகை போன ஆண்டில் பிறந்தவன்.

காலையில் பெட்டியைத் திரும்ப வைத்தோம்.
உள்ளே புதுக் கேள்விக்குறி, வெளியே பழைய மூடி.
மேலே குறிப்பு எழுதினாள்:
இது அகற்றப்படும், பதிப்பு
என்று தொடங்கி
எண்ணுக்கு இடம் விட்டு நிறுத்தினாள்.
எத்தனையாவது என்று கேட்டேன்.
கீழே காற்றடிக்கத் தொடங்கினார்கள்.
அப்படியே சேமித்தாள்.
ஏற்றுக்கொண்டது.