வினைமுற்று

தண்டர் பே. ஜனவரி. ஆண்டுக் கணக்கெடுப்பு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
திரையில்,
பனி அள்ளும் மண்வெட்டி: மைனஸ் மூன்று.

இல்லாததற்கும் கீழே மூன்றை
அலமாரி எப்படித் தாங்குகிறது என்று
கேட்கக்கூடாது.
பெட்டி வந்திறங்கிய அன்று
யாரோ பதிய மறந்திருப்பார்கள்.
அது தானாக நேராகிவிடும்.
எனக்குப் பயமெல்லாம்
ஒழுங்காகக் குறைபவற்றின் மேல்தான்.

இரவு ஒன்பதரை. கடை மூடியாயிற்று.
ஆணி, திருகு, குழாய்ப் பிசின்,
நான்கு வருடமாக யாரும் தொடாத ஊதாத் தபால்பெட்டி,
எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரிசைகள்.
நான் கேள்வி எழுதுகிறேன்.

இந்தக் கேள்விமொழிக்குப் பொறுமை கிடையாது.
வாயைத் திறந்ததும் வினைதான்:
எடு.
எதை, எந்த அட்டவணையிலிருந்து,
எந்த நாள் தொட்டு என்பதெல்லாம் பிறகு.
வீட்டில் நான் பேசும் மொழியிலோ
ஆளும் பொருளும் இடமும் பொழுதும்
உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான்
வினை செருப்பைக் கழற்றும்.

எடு: வந்ததில் விற்றதைக் கழித்தபின்
எண்ணியதோடு ஒத்துப்போகாத எல்லாவற்றையும்.
இருநூற்றுப் பதினேழு.
எடு: அவற்றில் ஐந்துக்கு மேல் குறைந்தவற்றை.
பத்தொன்பது.
கையுறைகள். புரிகிறது, இந்தக் குளிரில்.
பேட்டரிகள். அது எந்த ஊரிலும் நடப்பது.
பறவைத் தீனி, ஒன்பது கிலோ மூட்டை: பதினொன்று.

ஒன்பது கிலோவை
யாரும் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போவதில்லை.

கிடங்கிலிருந்து எடுத்ததாகப் பதிவு உண்டு.
தளத்தில் வைத்ததாக இல்லை.
இரண்டு அட்டவணைகளையும் கோத்தேன்.
இடப்பக்கம் பதினொரு வரிசை,
வலப்பக்கம் வெறுமை.
வெறுமை என்றால் சுழியம் அல்ல.
சுழியம் ஒரு பதில்.
இது, கேட்டும் யாரும் வாய் திறக்காதது.

கிழமை வாரியாகத் தொகுத்தேன்.
பதினொன்றும் செவ்வாய்.
நேரம்? காலை ஆறு பத்து, ஆறு பன்னிரண்டு, ஆறு ஒன்பது.
ஊழியர் எண்?
ஒன்றே ஒன்று.

ரெய்யோ.
கிடங்கில் இருபத்தாறு வருடம்.
குழலினி என்ற என் பெயரை
ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிப்போய்
மறுநாள் வந்து சொல்லிக்காட்டியவர்.
ழகரம் மட்டும் இன்னும் பாக்கி.
கண்ணுக்கே தெரியாத வாஷரைக்கூட
ஸ்கேன் செய்யாமல் நகர்த்தமாட்டார்.
இந்தப் பதினொன்றையும்
ஸ்கேன் செய்துதான் கொண்டுபோயிருக்கிறார்.

கோட்டை மாட்டிக்கொண்டு
சரக்கிறக்கும் பின்வாசலுக்குப் போனேன்.
மூக்குக்குள் காற்று உறைந்தது.
விளக்கு வட்டத்தில், பனியின்மேல்
சூரியகாந்தித் தோல்கள்
கருமணல் கொட்டியதுபோல்.
குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிக் கால்தடங்கள்.
ஓரமாக ஒரு செங்கல்;
அதன் அடியில்
நான்காக மடித்த வெற்றுப் பைகள்.
எண்ணினேன், வேலை அதுதானே.
பதினொன்று.

மேலாளர் லோரேனின் மின்னஞ்சல் காத்திருந்தது:
குறைவு ஒவ்வொன்றுக்கும் காரணம்,
காலை எட்டுக்குள்.
மூட்டை இருபத்தாறு டாலர் தொண்ணூற்றொன்பது சதம்.
மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு,
எண்பத்தொன்பது சதம்.

ஆங்கிலத்தில் தொடங்கினால்
இரண்டாம் சொல்லிலேயே
அவரைக் கள்வராக்கிவிடும்.
ஆகவே முதலில் மனத்துக்குள், தமிழில்:

கிடங்கு ஊழியர் ரெய்யோ
நவம்பர் முதல் செவ்வாய் தொட்டு
வாரம் ஒரு மூட்டையைத்
தன் கையாலேயே பதிந்துவிட்டு
விடியுமுன்
பின்வாசல் பனியில்

கோடு இமைக்கிறது.
ஐந்தாறு வினைகள் வாசலில் நிற்கின்றன,
காலணியைக் கழற்றாமல்.
மணி பதினொன்று நாற்பது.
நாளை செவ்வாய்.