போயிடணும்

சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியில் என் வேலை
தட்டு கழுவுவது, சக்கர நாற்காலி தள்ளுவது.
புதன்கிழமைகளில் மட்டும், சம்பளமில்லாமல்,
நான் ஒரு வாய்.

ஈப்போவிலிருந்து மனநல டாக்டர் ரஹானா வருவார்
சிவப்பு கான்சில் காரில்.
இரத்தம் சுத்திகரிக்கும் வார்டில்
சடையப்பன் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை,
வந்து பாருங்கள் என்று சீட்டு போயிருந்தது.

முப்பது வருஷம் பால்மரம், பிறகு செம்பனை.
போன மாசியில் இடது கால் முட்டிக்குக் கீழே போனது.
சர்க்கரை என்றது ஆஸ்பத்திரி.
பவுனம்மா அப்படிச் சொல்லவில்லை.
பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலை
வீடு கட்டுகிறவன் இடிக்க வந்தபோது
டிராக்டருக்கு வழிகாட்டி
வேல்கம்பைப் பிடுங்கிக் கொடுத்தவர் இவர்தான்.
நூறு வெள்ளி.
மேடையில் முதலில் வைத்த கால் எதுவோ
அந்தக் கால் போனது என்றாள்.

காத்து சேர்ந்திருக்கு, அதையும் சொல்லு என்றாள்.
போன மாதம் பயிற்சி டாக்டரிடம் சொன்னேன்: ‘ஆங்ஙின்.’
மலாயில் காற்றுக்கு அதுதானே.
அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து
வாயுவுக்கு வெள்ளை மருந்து எழுதினார், புதினா வாசனை.
இரண்டு வாரம் ஏப்பம் நன்றாக வந்தது.

இந்தப் புதன் ரஹானா கேட்டார்:
ஆள் இல்லாதபோது ஏதாவது கேட்கிறதா?
‘அஞ்சு மணிக்கு பெரட்டு மணி கேக்குது.’
தோட்டமே இல்லை, மணி எங்கே இருக்கிறது.
எனக்கும் சில நாள் கேட்கும்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

உங்களுக்கு என்ன வேண்டும்?
‘போயிடணும்மா.’

‘பாலிக்’ என்றேன். வீட்டுக்குத் திரும்ப.
டாக்டர் சிரித்து, வீட்டு ஏக்கம் என்று எழுதிக்கொண்டார்.

தெரியாமல் சொல்லவில்லை நான்.
கையில் ஊசி ஏறியிருக்கிறது,
பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒருத்தி,
வெளியே விளக்கு வைக்கிற நேரம்.
கூரைமேல் யாரோ உட்கார்ந்து
நாம் சொல்வதற்கெல்லாம் அப்படியே ஆகட்டும் என்பார்களாம்.
அந்தச் சொல்லுக்கு என் நாக்கு
இரண்டு பாஷையிலும் கதவைச் சாத்திக்கொண்டது.

அவர் தட்டைக் கழுவும்போதுதான் பார்த்தேன்.
சோற்றுக்கு அடியில் அன்றைய மாத்திரைகள்,
மூன்றும், சாயம் கரைந்து.

கார் நிறுத்துமிடம் வரை மழையில் ஓடினேன்.
கான்சில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.
கண்ணாடியைத் தட்டி,
டாக்டர், ஒரு சொல் தப்பாகிவிட்டது என்றேன்.

திரும்பி வந்தார், செருப்பு சளசளக்க.
பவுனம்மாவை டீ குடிக்க அனுப்பினார்.
என்னை நிற்கச் சொன்னார், பேசச் சொல்லவில்லை.
முக்காலியை இழுத்துப் போட்டு
நேராக அவரிடமே கேட்டார்:
‘பாச்சிக், மாவ் மாத்தி கே?’
சாக வேண்டுமா, பெரியவரே.

நாற்பது வருஷம் மண்டோர்களோடு
மலாயில் சண்டை போட்ட மனுஷன்.
‘மாவ்,’ என்றார். ‘ஹாரி-ஹாரி மாவ்.’
தினம் தினம்.
பிறகு வேல்கம்பு, டிராக்டர், நூறு வெள்ளி,
எல்லாம், அதே பாஷையில், அரை மணி நேரம்.
டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

புது மாத்திரை ஒன்று.
ராத்திரிக்குப் பக்கத்தில் ஆள்.
ஊசி ஏறும் கையில் பூசாரி கட்டிய கயிற்றை
வெட்டச் சொல்லியிருந்தார்கள்.
அது வலது கைக்கு மாறியது.

வண்டி தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டேன்:
இவ்வளவு நல்லா மலாய் பேசுறீங்க,
புதன்கிழமையெல்லாம் என்னை ஏன் பேசவிட்டீங்க?

‘தமிழ்ல சொன்னா பலிச்சிடும்மா.’
கொஞ்ச தூரம் போனதும்:
‘முனியாண்டிக்கு மலாய் தெரியாது.’

நூறு வருஷமா இந்த ஊரிலேயே இருக்கிற சாமிக்கா என்று
வாய்வரை வந்தது.
லிஃப்ட் கதவு திறந்தது. தள்ளினேன்.